கை தூக்கி நின்றவர்

வட துருவத்தை ஒட்டிய எங்கள் துறைமுகத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் காசு கொடுத்துப் பயப்பட வருகிறவர்கள். செங்குத்துப் பாறையில் கயிறு கட்டித் தொங்க ஒரு கூட்டம், மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு நடுவே கயாக் என்ற ஒடுக்கமான படகில் துடுப்புப் போட ஒரு கூட்டம், அரை வீட்டை முதுகில் சுமந்துகொண்டு பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக நடக்க ஒரு கூட்டம். பயந்து முடித்ததும் என்னிடம் வந்து வெந்நீரில் குளித்து, சிரித்தபடி போட்டோ எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். ஊர்ப் பொதுக்கூடம் என் பொறுப்பு. குளியலறை, துணி மெஷின், காயப்போடும் அறை, அவர்கள் முன்கூட்டியே கப்பலில் அனுப்பிவைக்கும் சாப்பாட்டுப் பெட்டிகள், எல்லாம் என் தலையில்தான். எங்களுக்கு அந்த மாதிரிப் பயமெல்லாம் கிடையாது. எங்கள் பயம் வேறு. அதற்கு யாரும் காசு கொடுக்க மாட்டார்கள்.

அன்று சித்தப்பா ஆமண்டுஸின் படகில் இரண்டு ஸ்விஸ் பையன்களைக் கொண்டுபோய் மலைகளுக்கு நடுவே நீளும் கடலின் வடக்குக் கிளையின் முடிவில், பாறைச்சுவரின் அடியில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சித்தப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. "ஓகே", "நோ ப்ராப்ளம்" இரண்டையும் வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். பேச்சு நீளும் என்று தெரிந்தால் என்னையும் படகில் ஏற்றிக்கொள்வார்.

"அந்த நெட்டையன் பாறையிலயே தூங்குவானாம், தொங்கிக்கிட்டே," என்றார். "ஏன், அவங்க வீட்ல கட்டில் இல்லையாமா?"

"கட்டில் இருக்கறவனுக்குத்தான் சித்தப்பா அந்த ஆசையெல்லாம் வரும்."

அவர் சிரித்தார். ஆகஸ்ட் கடைசி. மத்தியானமே மூடுபனி மலைகளின் மேல்பாதியை விழுங்கியிருந்தது. கீழே கறுப்புத் தண்ணீரும், அதில் அங்கங்கே வெள்ளைக் கட்டிகளும், எங்கள் இஞ்சின் சத்தமும்தான். மேற்குக் கிளை பிரியும் முனையைத் தாண்டும்போது சித்தப்பாவின் சிரிப்பு நின்றது. நான் திரும்பிப் பார்த்தேன்.

முனையின் தட்டைப் பாறைமேல் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் படகு இல்லை, கயாக் இல்லை, கூடாரம் இல்லை, முதுகில் பைகூட இல்லை. ஒரு கை மேலே தூக்கியபடி இருந்தது. இன்னொரு கை உடம்போடு ஒட்டியிருந்தது. தூக்கிய கை அசையவில்லை.

"தலையக் குனிடி போலெட்டே," என்றார் சித்தப்பா.

"இஞ்சின நிறுத்துங்க. கூப்புடுறாரான்னு கேப்போம்."

"வாய மூடு. குனின்னா குனி."

நான் குனிந்தேன். எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊரோடு மனம் முறிந்து மலைக்குப் போய்விட்டவரை நாங்கள் கிவிட்டோக் என்போம். போனவர் போனவர்தான், திரும்பி மனிதராக வருவதில்லை. மனிதர் என்றால் மனிதர் இருக்கும் இடத்துக்குச் சத்தத்தோடு வருவார்: கத்துவார், விசிலடிப்பார், கல்லோடு கல்லைத் தட்டுவார். சத்தமில்லாமல் வந்து நிற்பது கிவிட்டோக். அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது. அதன் பக்கத்தில் இஞ்சினை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் மறுபடி உயிர் பெறாது. வீட்டுக்குள் வந்து சூடாக ஏதாவது குடிக்கும்வரை அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

சித்தப்பா படகை ஒடித்துத் திருப்பிய வேகத்தில் ஸ்விஸ் பையன்கள் விட்டுப்போன ஈரக் கையுறைகள் என் காலடியில் வந்து விழுந்தன. நான் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பயத்துக்கு ஊராரைவிடக் காரணம் கொஞ்சம் அதிகம். எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது என் அப்பா ஏனோக் மலைக்குப் போனார்.

அம்மாவோடு போன படகு கவிழ்ந்தது. ஸ்டீயரிங் அப்பா கையில் இருந்தது. கரைக்கு வந்தது அப்பா மட்டும்தான். ஊர் நேராக ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவர் உள்ளே வந்தால் பேச்சு நின்றது. ஒரு வசந்தகாலக் காலையில் துப்பாக்கிகூட எடுக்காமல் பள்ளத்தாக்கைப் பார்த்து நடந்துவிட்டார். என்னை வளர்த்தது அவருடைய தம்பி ஆமண்டுஸ் சித்தப்பாதான். அந்த வருஷத்து இலையுதிர் காலத்தில் அப்பாவைப் பாறைமேல் பார்த்ததாக சித்தப்பா ஒவ்வொரு குளிர்காலமும் சொல்லுவார். "கைய ஒசரத் தூக்கி, கிட்ட வராதேன்னு காட்டுனான் எங்கண்ணன். கிவிட்டோக்கா மாறுனப்பறமும் நம்மமேல அவ்வளவு பாசம்." சின்ன வயதில் அதைக் கேட்டுக்கொண்டே நான் தூங்கியிருக்கிறேன்.

பொதுக்கூடத்துக்கு வந்ததும் சித்தப்பா காபியை இரண்டே மடக்கில் குடித்தார். கொஞ்சம் சட்டையிலும் கொட்டியது. துணி மெஷின் பக்கத்தில் தன் துவைப்புக்காகக் காத்திருந்த சபீனே அக்கா ஏற இறங்கப் பார்த்தாள். ஊரில் ஒரு தும்மல் அவளுக்குத் தெரியாமல் நடக்காது.

"என்னய்யா, பொண்டாட்டி அடிச்ச மாதிரி வந்து நிக்கிற?"

"ஏனோக்கப் பாத்தேன்," என்றார் சித்தப்பா. "மேற்குக் கிளை முனையில. அதே பாறை. அதே மாதிரி கையத் தூக்கி."

சபீனே அக்கா உடனே சிலுவை போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. ஆனாலும் நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொண்டாள். "அந்த வருஷம் எங்க வீட்டுக்காரனும் பாத்தான். கையத் தூக்கி நின்னானாம். வந்து ரெண்டு நாள் ஜுரம். அவனுக்கு என்னைப் பாத்தாலே ஜுரம் வரும், அது வேற விஷயம்." அவள் சிரித்தாள், யாரும் கூடச் சிரிக்கவில்லை. "பெர்ரி பறிக்கப் போன பொம்பளைங்களும் பாத்தாங்கல்ல? பறிச்சதைக் கொட்டிட்டு ஓடிவந்தாங்க. இத்தனை வருஷம் கழிச்சு இப்ப எதுக்கு வர்றான்?"

அவள் என்னைப் பார்த்துத்தான் கேட்டாள். அப்பா வந்தால் மகளுக்காக வருவார் என்று நினைத்திருப்பாள். எனக்கும் அதுதான் தோன்றியது. அங்கே உட்கார முடியாமல் ஸ்விஸ் பையன்களின் கையுறைகளைக் காயப்போட உள்ளே போனேன்.

காயப்போடும் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. ரடெக் என்று பெயர் எழுதிய பெட்டி. செக் நாட்டுக்காரன், தனியாக நடக்கிறவன், தெற்கிலிருந்து மலை தாண்டி எங்கள் ஊருக்கு வந்து இங்கே சாப்பாடு எடுத்துக்கொள்வதாக முன்பே சொல்லியிருந்தான். போன வாரமே வந்திருக்க வேண்டும். இந்தக் கூட்டம் சொன்ன நாளில் வருவது கிடையாது என்று நானும் விட்டுவிட்டேன். வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறதே என்று அன்று காலையில்கூட அதைக் காலால் தள்ளியிருந்தேன்.

கையுறைகள் என் கையிலிருந்து விழுந்தன. பயத்துக்குமேல் இன்னொரு பயம் வந்து உட்கார்ந்தது. பாறைமேல் நின்றது அப்பாவாக இருந்தால் ஒரு பயம். அப்பாவாக இல்லாவிட்டால் அதைவிடப் பெரிய பயம்.

வெளியே வந்து பெட்டியை மேஜைமேல் வைத்தேன். "சித்தப்பா, இதுக்குச் சொந்தக்காரன் இன்னும் வரல. தனி ஆளு. தெக்க இருந்து நடந்து வர்றவன் மேற்குக் கிளை வழியாத்தான் எறங்கணும்."

அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. "நீ மூஞ்சியப் பாத்தியா? பாக்கல. நான் பாத்தேன். எங்கண்ணன் எனக்குத் தெரியாதாடி?"

"அவ்வளவு தூரத்துல என்னத்தப் பாத்தீங்க? மனுஷனா இருந்தா?"

"மனுஷன்னா ரெண்டு கையையும் ஆட்டுவான். குதிப்பான், கத்துவான். வெளிநாட்டுக்காரன் சும்மாவா நிப்பான்? சும்மா குளிக்கறதுக்கே கத்துறானுங்க."

"இன்னொரு கை ஒடஞ்சிருந்தா?"

சபீனே அக்கா போனை எடுத்து நகரத்துப் போலீஸுக்கு அடித்தாள். ஹெலிகாப்டர் இந்த மூடுபனியில் ஏறாது, காலையில் பார்க்கலாம் என்றார்கள். ராத்திரி, தண்ணீர்க்குழாய் உறையும் இந்த வருஷத்து முதல் குளிர் வந்துவிடும். பையில்லாத மனிதன் காலையைப் பார்க்க மாட்டான்.

"நான் படகை எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

"போய் என்ன பண்ணுவ? அந்த முனையில தண்ணிக்கடியில எங்க பாறைப்பல்லு இருக்கு, எங்க வழி இருக்குன்னு உனக்குத் தெரியுமா? படகையும் ஒடச்சு நீயும் சாவ."

"அப்ப நீங்க வாங்க."

"உங்கப்பனா இருந்தா?"

"அப்பான்னா இன்னும் கட்டாயமாப் போகணும்."

அப்படிச் சொல்லிவிட்டேனே தவிர, கதவுப் பக்கம் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. அப்பாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை. ஞாபகமில்லாத முகத்தை மூடுபனியில் போய்ப் பார்ப்பதைவிட அந்தக் கறுப்புத் தண்ணீரில் குதிப்பது மேல் என்றிருந்தது. சித்தப்பா எழுந்து வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியோடு வந்தார்.

"கரடிக்கா?" என்று கேட்டாள் சபீனே அக்கா.

"எதுக்கோ," என்றார்.

கண்ணுக்கெட்டிய தூரம் என்று ஒன்று இல்லாமல் போயிருந்தது. பனிக்கட்டிகள் படகின் மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரிந்தன. துப்பாக்கி சித்தப்பாவின் முழங்காலில் குறுக்கே கிடந்தது. அவர் கண்கள் முனைப் பக்கமும், கை துப்பாக்கிப் பக்கமுமாக இருந்தன. எனக்கு இப்போது மூன்றாவதாக ஒரு பயம். நாங்கள் போய்ச் சேரும்போது அந்த ஆள் திடீரென்று எழுந்து கை தூக்கினால் சித்தப்பா சுட்டுவிடுவார். கெட்ட மனிதர் இல்லை அவர். பயந்த மனிதர்.

முனை வந்தது. தட்டைப் பாறை வெறுமையாக இருந்தது.

"போயிருச்சு," என்றார் சித்தப்பா. அவர் குரலில் தெரிந்த நிம்மதியைக் கேட்டு எனக்கு ஆத்திரமாக வந்தது. "பாத்தியா? மனுஷன்னா எங்க போவான்? வா, திரும்புவோம்."

"இஞ்சின நிறுத்துங்க."

"பைத்தியமா உனக்கு?"

"நிறுத்துங்க சித்தப்பா. இந்த இஞ்சின் சத்தத்துல அவன் நம்ம காதுகிட்ட வந்து கத்துனாலும் நமக்குக் கேக்காது."

"நின்னா மறுபடி ஸ்டார்ட் ஆகாது. தெரியும்ல?"

நான் எட்டிச் சாவியைத் திருப்பினேன். சித்தப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தபோது தாமதமாகிவிட்டது. இஞ்சின் நின்றது.

அந்த அமைதியை எனக்கு எழுதத் தெரியவில்லை. பனிக்கட்டிகள் உருகிச் சொட்டும் ஓசை, படகின் பக்கத்தில் தண்ணீர் நக்கும் ஓசை, அவ்வளவுதான். சித்தப்பா உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார், ஜெபமோ வசவோ தெரியாது. நான் கத்திக் கூப்பிட்டேன். மூடுபனி என் குரலை விழுங்கிக்கொண்டது. மறுபடி கூப்பிட்டேன். எந்தக் குரலும் திரும்பி வரவில்லை.

"சத்தமில்ல," என்று முணுமுணுத்தார் சித்தப்பா. அவர் துப்பாக்கியின் தாழ் நகரும் ஓசை கேட்டது. "சத்தமில்லடி. கெளம்பு."

அப்போது டொக் என்றது.

கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி டொக். கல்லோடு கல். பாறைக்குப் பின்னால், தண்ணீர் மட்டத்துக்குப் பக்கத்தில்.

சித்தப்பாவின் முகம் தொங்கிப்போனது. துப்பாக்கியைப் படகின் தரையில் வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். தண்ணீருக்கடியில் இருந்த பற்களைச் சுற்றி வளைத்துப் படகைக் கரையோடு சேர்த்தார். இறங்க மட்டும் மாட்டேன் என்று தலையாட்டினார். நான் இறங்கினேன். வழுக்கும் பாசியில் நாலு காலால் தவழ்ந்து பாறையைச் சுற்றிப் போனேன். ஒவ்வொரு அடிக்கும் திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

இரண்டு பாறைகளின் இடுக்கில் அவன் படுத்துக்கிடந்தான். தாடி, வெடித்த உதடு, ஒரு கை பெல்ட்டால் மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. இன்னொரு கையில் ஒரு கல். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். வாய் அகலத் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் நீர் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. அவன் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறான் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் இதுவரை பயந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆனது.

"மனுஷன் சித்தப்பா," என்று கத்தினேன். "ஏறி வாங்க. மனுஷன்."

அவர் வந்தார். இரண்டு பேருமாக அவனைத் தூக்கினோம். இஞ்சின் முதல் திருப்பிலேயே கிளம்பியது. வழியெல்லாம் அவன் என் சட்டைக் கையை விடவில்லை. சித்தப்பா தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போட்டுவிட்டு வெறும் ஸ்வெட்டரோடு ஓட்டினார்.

பொதுக்கூடத்தில் சபீனே அக்கா கடல்நாய்க் கறி சூப்பை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். ஊரே கதவோரம் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல காரியம் செய்தீர்கள் என்று சித்தப்பாவின் தோளில் தட்டிவிட்டுப் போனது. ரடெக்குக்குக் குரல் காற்றாகத்தான் வந்தது. ஆற்றைக் கடக்கும்போது பை அடித்துக்கொண்டு போய்விட்டது. விழுந்ததில் தோள் உடைந்தது. நாள்கணக்காகப் பெர்ரி தின்று ஊர்ந்து ஊர்ந்து, அன்று மத்தியானம்தான் அந்தப் பாறைக்கு வந்து சேர்ந்திருக்கிறான்.

ஊரார் போன பிறகும் சித்தப்பா போகவில்லை. அவனுக்கு எதிரே உட்கார்ந்து தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டிருந்தார்.

"போலெட்டே," என்றார். "அவன்கிட்ட ஒண்ணு கேளு. மத்தியானம் நம்மளப் பாத்துக் கையத் தூக்குனானே. எதுக்குன்னு கேளு."

"இதக் கேக்கணுமா சித்தப்பா?"

"கேளுன்னா கேளு."

நான் கேட்டேன். ரடெக் விநோதமாக எங்கள் இருவரையும் பார்த்தான். பிறகு நல்ல கையை மெதுவாக மேலே தூக்கிக் காட்டினான், பாறைமேல் நின்ற அதே மாதிரி. வாயைத் திறந்து ஏதோ காற்றாகச் சொன்னான்.

"வாங்கன்னு கூப்பிட்டானாம்," என்றேன். "படகப் பாத்ததும் கத்த ஆரம்பிச்சானாம். நாம திரும்பிப் போனப்பறமும் கத்திக்கிட்டே இருந்தானாம். அதுலதான் தொண்டை போச்சாம்."

சித்தப்பா தலையை ஆட்டினார். ரொம்ப நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். தொப்பி கீழே விழுந்தது, எடுக்கவில்லை.

"உங்கப்பன் வாயும் தெறந்துதான் இருந்துச்சு," என்றார். "அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. இஞ்சின் ஓடிக்கிட்டிருந்துச்சு. எனக்கு ஒண்ணும் கேக்கல."

சூப் ஸ்பூன் சபீனே அக்காவின் கையில் பாதி வழியில் நின்றது. அவளுடைய வீட்டுக்காரனும் பார்த்திருக்கிறான். பெர்ரி பறித்த பெண்களும் பார்த்திருக்கிறார்கள். அந்த இலையுதிர் காலம் முழுக்க என் அப்பா பாறை பாறையாக வந்து நின்று கை தூக்கியிருக்கிறார். ஊர் முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கிறது.

"எத்தன தடவ பாத்தீங்க, சித்தப்பா?" என்று கேட்டேன்.

அவர் குனிந்து தொப்பியை எடுத்தார். ரடெக் இன்னும் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். என்னை வளர்த்த அந்த மனிதரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மத்தியானம் அவர் குனி என்றதும் நானும்தான் குனிந்தேன்.